குடும்பமா வெளிநாடு போறம்: எதைக் கடவுளிட்டை விடுறது, எதை நாங்கள் பாக்கிறது?

கொக்குவில்காரி:

எல்லாருக்கும் வணக்கம். வாற ஓகஸ்ட்டிலை நான், இவர், பிள்ளையள் ரெண்டு பேர், மாமி எல்லாருமா ஜேர்மனிக்கு வெளிக்கிடுறம். மச்சாள் ஹம் நகரத்துக்குக் கிட்ட இருக்கிறா. அங்கையிருந்து பாரிசுக்கும் ஒருக்காப் போற எண்ணம். எங்கடை வீட்டிலை ஒருத்தரும் இதுக்கு முதல் பிளேன் ஏறினதில்லை.

பயணத்தைப் பற்றி வீட்டிலை ரெண்டு கட்சி. மாமிக்கு எல்லாம் சன்னதியான்தான், அதான் செல்வச்சந்நிதி முருகன். "காப்புறுதிக்குக் கட்டுற காசை அன்னதானத்துக்குக் குடுத்தால் முருகன் பாப்பான்" எண்டு சொன்னா. அது விசாவுக்குக் கட்டாயம் எண்டதாலை அந்தக் கதை முடிஞ்சுது. ஆனா பயணநாள் முழுக்க விரதம் இருக்கப்போறன் எண்டு நிக்கிறா. அவவுக்குச் சீனி வருத்தம், ஊசி போடுறவ. அதோடை நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறின பிறகு ஊரை விட்டு வெளிக்கிடக்கூடாது எண்டும் சொல்லுறா. இவர் நேரெதிர். "சாமி கும்பிடுறதை வீட்டோடை வைச்சுக்கொள்ளுங்கோ, அங்கை எல்லாம் ஒழுங்கா நடக்கும், ஒரு பயமும் இல்லை" எண்டுறார்.

நான் கடவுளை நம்புறவள். பிரார்த்தனையை ஒரு அலங்காரமாக் காவிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. அதே நேரம் அதைச் சாட்டி ஒரு வேலையைச் செய்யாமல் விடவும் விருப்பமில்லை. போன கிழமை படுக்கையிலை சின்னவன் கேட்டான்: "அம்மா, பிளேன் விழுந்தா முருகன் பிடிப்பாரோ?" என்ன சொல்லுறது எண்டு இன்னும் எனக்குப் பிடிபடேல்லை. பிள்ளையளோடை பயணம் போன ஆக்கள், எந்தச் சமயமாயிருந்தாலும், நீங்கள் எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ.

வண்ணை ஆசிரியர்:

மகள், உங்கள் மாமியாரின் பயம் நம்பிக்கைக் குறைவால் வந்ததன்று. சைவத்தில் பயணப் பயத்துக்கென்றே ஒரு பதிகம் இருக்கிறது. திருமறைக்காட்டில் சம்பந்தரும் அப்பரும் தங்கியிருந்தபோது, மதுரைக்கு வருமாறு மங்கையர்க்கரசியாரிடமிருந்து சம்பந்தருக்கு அழைப்பு வந்தது. அப்பர் தடுத்தார்: "நாளும் கோளும் சரியில்லை, இப்போது போகவேண்டாம்." அதற்கு மறுமொழியாகச் சம்பந்தர் பாடியதே கோளறு பதிகம். பாடிவிட்டு அவர் பயணப்பட்டார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சம்பந்தரின் துணிவோடு நிறுத்திவிடுவார்கள். நான் வகுப்பில் அப்பரைப் பற்றித்தான் கூடப் பேசுவேன். கல்லோடு கட்டிக் கடலில் வீசப்பட்டும் ஐந்தெழுத்தைச் சொல்லிக் கரையேறியவர் என்று நாம் போற்றுகிற மனிதர் அவர். அவருக்கா நம்பிக்கை இல்லை? தனக்கு வராத பயம் அந்தப் பிள்ளைக்காக அவருக்கு வந்தது. அன்பு வைத்தவனுக்குப் பயமும் கூடவே வரும். ஆகவே மாமியாரோடு வாதாடாதேங்கோ. வெளிக்கிடுகிற அன்று காலையில் பதினொரு பாட்டையும் அவரையே பாடச் சொல்லுங்கோ, பிள்ளைகள் கூடப் பாடட்டும்.

கொடியேற்றம் பற்றி: எல்லையைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு காப்புக் கட்டிய குருக்களுக்கு உரியது. அடியார் எல்லோரையும் அது கட்டாது. திருவிழா இருபத்தைந்து நாளும் மச்சம் (மீன், இறைச்சி) தவிர்ப்பதென்றால் அதை ஜேர்மனியிலும் செய்யலாம்.

ஹம்மிலையிருந்து:

தங்கச்சி, நான் கோண்டாவில், இஞ்சை வந்து கனகாலம். காமாட்சி அம்பாள் கோயில் ஊன்ரொப் எண்ட பக்கத்திலை, தொழிற்பேட்டைக்குள்ளை இருக்கு. 2002இலை கும்பாபிஷேகம் நடந்தது. கோபுரத்தைக் கண்டவுடனை உங்கடை மாமிக்கு அரைவாசிப் பயம் போயிடும், எழுதித் தாறன். தேர் ஓகஸ்ட்டுக்கு முதலே முடிஞ்சிடும், அது கிடைக்காது. ஆனா பாரிசிலை லா சப்பல் பக்கம் மாணிக்க விநாயகர் தேர் ஓகஸ்ட் கடைசியை ஒட்டித்தான் வாறது. வெளிக்கிட முதல் கோயிலிட்டைத் திகதியை விசாரிச்சுப்போட்டு ரயில் ரிக்கெற் போடுங்கோ. ரோட்டு முழுக்கத் தேங்காய் அடிப்பினம், பிரெஞ்சுச் சனமும் பாத்துக்கொண்டு நிக்கும்.

இனிச் சாமான் விசயம். ஊரிலையிருந்து வாற எங்கடை ஆக்கள் பெட்டிக்குள்ளை வைக்கிற பூசைச் சாமானிலைதான் முதல் சிக்கல் வாறது.

கற்பூரம் கொண்டு வராதேங்கோ. அது தீப்பற்றுற சாமான், கைப்பையிலையும் சரி பெரிய பெட்டியிலையும் சரி ஏலாது. பெட்டிக்குள்ளை நெருப்புப்பெட்டியும் வைக்கேலாது. திருநீறு, சந்தனம், குங்குமத்தைக் கொஞ்சமா, ஒட்டி மூடின பையிலை, பெயர் எழுதிப் பெரிய பெட்டியிலை வையுங்கோ. கையிலை கொண்டுபோனால் வெள்ளைத் தூளைக் கண்டு விசாரிப்பினம், அந்த இடத்திலை மாமி அந்தரப்படுவா. நெய், பால்கோவா, பாலிலை செய்த பிரசாதம் ஒண்டும் ஐரோப்பாவுக்குள்ளை கொண்டு வர விடாயினம். இறைச்சிச் சாமானும் அப்பிடித்தான். நெய் இஞ்சை தமிழ்க்கடையிலை வாங்கலாம்.

ஹோட்டல் அறையிலை விளக்குக் கொளுத்தவோ சாம்பிராணி போடவோ வேண்டாம். கூரையிலை புகையைக் கண்டுபிடிக்கிற கருவி இருக்கும். அது கத்தினால் கட்டடமே வெளியிலை வரும், பிறகு காசும் கட்டவேணும். மின்கலத்திலை எரியிற சின்ன விளக்கு ஒண்டு கொண்டுவந்து படத்துக்கு முன்னாலை வைச்சால் போதும்.

சாப்பாடு: பிளேனிலை "இந்து சாப்பாடு" எண்டு ஒண்டு இருக்கு, பேரைப் பாத்து அதைச் சொல்லிப்போடாதேங்கோ. அதிலை மாட்டிறைச்சி இல்லையே தவிரக் கோழியோ ஆடோ மீனோ வரலாம். மச்சம் இல்லாதது வேணுமெண்டால் "ஆசிய சைவச் சாப்பாடு", குறியீடு ஏ.வி.எம்.எல். பறக்கிறதுக்குக் குறைஞ்சது ஒரு நாள் முதல் சொல்லிவைக்கவேணும்.

சுன்னாகம் சந்தையடி:

நான் கடவுளை நம்பாதவன். இந்த இழையிலை எழுதலாமோ எண்டு யோசிச்சுப்போட்டுத்தான் எழுதுறன்.

அக்கா, உங்கடை வீட்டிலை பிரார்த்தனை நடக்கிறதிலை எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. இடையிலை மாறுற பிளேன் தவறி, விடிய விடிய விமானநிலையத்திலை இருந்த இரவிலை என்ரை அம்மா மெல்லிசாத் தேவாரம் பாடினவ. அழுதுகொண்டிருந்த தங்கச்சி அப்பிடியே அவவின்ரை மடியிலை நித்திரையாப் போனாள். அந்தப் பாட்டுச் செய்த வேலையை நான் குறைச்சுச் சொல்லமாட்டன்.

எனக்குப் பயம் வேறை ஒண்டிலை. எங்கடை வீடுகளிலை "சாமி பாத்துக்கொள்ளும்" எண்டு சொல்லுறது கனதரம், முடிவெடுக்க வேண்டியவர் முடிவெடுக்காமல் இருக்கிறதுக்குத்தான். நெஞ்சு நோகுது எண்டு வயது போனவை சொல்லமாட்டினம், பயணம் குழம்பிப்போகும் எண்டு மறைப்பினம். பிறகு திருநீற்றைப் பூசிக்கொண்டு படுப்பினம். வெளிக்கிட முதல் மாமியோடை இருந்து கதையுங்கோ: வருத்தம் வந்தால் மறைக்கிறதில்லை, ஆஸ்பத்திரிக்குப் போறதை ஆர் முடிவெடுக்கிறது, உங்களுக்கு ஏலாமல் போனால் பிள்ளையளை ஆர் பாக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலை எந்த நாட்டிலையும் அவசரத்துக்கு 112. அதைப் பெரியவனுக்கும் பாடமாக்கி விடுங்கோ.

சோனகதெரு:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சுன்னாகம் தம்பி சொன்னது எங்கட மார்க்கத்திலயும் இருக்கிற விசயம்தான். நபியவர்களிட்ட ஒருத்தர் கேட்டார், ஒட்டகத்தைக் கட்டிப்போட்டு அல்லாஹ்வை நம்பவா, அவிழ்த்து விட்டுப்போட்டு நம்பவா எண்டு. "கட்டிப்போடு, பிறகு தவக்குல் வை" எண்டு சொன்னாங்க. திர்மிதி ஹதீஸ் தொகுப்பில இருக்கு. எங்கட வாப்பா எந்தப் பயணத்துக்கு முன்னாலயும் பாஸ்போர்ட், ரிக்கெற், மருந்து எல்லாத்தையும் பாயில பரப்பி வைச்சுப் பாத்துப்போட்டுத்தான் துஆவுக்குக் கை ஏந்துவார்.

மாமியின்ர விரதத்தைப் பத்தி ஒண்டு சொல்லலாமோ தெரியாது, வேற சமயம். ஆனா சொல்லுறன், பிழையா எடுக்காதேங்கோ. எங்களுக்குப் பயணத்தில நாலு ரக்அத் தொழுகை ரெண்டாச் சுருங்கும். ரமழான்ல கூடப் பயணியும் நோயாளியும் நோன்பை விட்டுப்போட்டுப் பிறகு நோக்கலாம், குர்ஆன்லயே இருக்கு. அந்தச் சலுகை அவன் தந்த பரிசு, அதை ஏற்கிறது ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு இல்ல எண்டு உம்மா சொல்லுவா. குடும்பமா மக்காவுக்கு உம்ரா யாத்திரை போன நேரம் சுகமில்லாத எங்கட மூத்தம்மாவுக்கு இதைச் சொல்லித்தான் விளங்கப்படுத்தினம்.

இன்னொரு பயணமும் எங்களுக்கு இருக்கு. எங்கட முஸ்லிம் சனத்தை வெளியேத்தின 1990 ஒக்டோபரில, ரெண்டு மணித்தியாலத்தில யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டம். ஆயத்தம் செய்ய ஒரு வழியும் இருக்கேல்ல. பயணத் துஆ மட்டும்தான் உம்மாட வாயில இருந்தது. ஆயத்தம் செய்ய நேரமும் வசதியும் கிடைச்ச பயணம் பெரிய நிஃமத் (அருள்) தங்கச்சி. அதைப் பயன்படுத்துறதே ஒரு ஷுக்ர் (நன்றி).

கரவெட்டித் தாதி:

சோனகதெரு அண்ணை சொன்னதை வாசிச்சு எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

மருத்துவப் பக்கத்தைச் சுருக்கமாச் சொல்லுறன். இன்சுலின் போடுறவ பயணநாளிலை முழுப்பட்டினி இருக்கிறது ஆபத்து. பட்டினியோடை நேர வித்தியாசம், நடை எல்லாம் சேர்ந்து சீனியை இறக்கிப்போடும். வானத்திலை வைச்சு மயங்கினால் சன்னதியும் கிட்ட இல்லை, பெரியாஸ்பத்திரியும் கிட்ட இல்லை. ஊசி மருந்தைக் கட்டாயம் கைப்பையிலைதான் வைக்கவேணும், கீழை போற பெட்டியிலை வைச்சால் குளிரிலை உறைஞ்சு பழுதாப்போகலாம். வைத்தியரிட்டை ஆங்கிலத்திலை ஒரு கடிதம் எடுங்கோ. எந்த நேரம் எவ்வளவு போடுறது எண்டதையும் அவரிட்டையே கேட்டு எழுதுவியுங்கோ, நேரம் மாறும் எல்லோ. குளுக்கோஸ் பக்கெற் ஒண்டு சட்டைப்பையிலை இருக்கட்டும்.

காப்புறுதி: செங்கன் விசாவுக்கு (ஜேர்மனி, பிரான்ஸ் மாதிரி நாடுகளுக்குப் பொதுவான விசா) ஆளுக்கு 30,000 யூரோ மருத்துவச் செலவாவது மூடவேணும். ஆனா முந்தியே இருந்த வருத்தத்தைப் பல காப்புறுதியள் மூடாது. மாமியின்ரையை வடிவா வாசிச்சுப் பாருங்கோ.

வண்ணை ஆசிரியர்:

தாதி மகளும் சோனகதெருத் தம்பியும் சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. சைவத்திலும் விரதம் அவரவர் உடல்நிலைக்கேற்பத்தான்: சிலர் உபவாசம், சிலர் பால் பழம், சிலர் ஒருநேர உணவு. மாமியாருக்கு இதைச் சொல்லுங்கோ. சன்னதியானிடம் அவருக்கு இவ்வளவு பற்று என்றால் இன்னொன்றையும் நினைவூட்டுங்கோ. செல்வச்சந்நிதியிலே பூசை செய்கிறவர்கள் வாயைத் துணியால் கட்டி, சத்தமில்லாமல்தான் பூசை செய்கிறார்கள். அந்த முருகனுக்கு விமான இருக்கையில் இருந்தபடி மனதால் செய்கிற வழிபாடு போய்ச் சேராமல் விடுமா?

வல்வைக் கடற்கரை:

இழை நல்லா போகுது. நடுவிலை ஒரு கசப்பான கதையும் சொல்லவேணும், எங்கடை பக்கத்திலை நம்பிக்கையை வைச்சு வியாபாரம் செய்தவையைப் பற்றி.

குடும்பத்தோடை படகிலை அனுப்புற ஏஜென்சிக்காரர் ஐயரிட்டைப் போய் நாள் குறிச்சுக்கொண்டு வருவாங்கள். "சாமி உத்தரவு கிடைச்சிட்டுது, கடல் அமைதியா இருக்கும்" எண்டு பொம்பிளையளுக்குச் சொல்லுவாங்கள். கோயில் நூலைக் கட்டி விடுவாங்கள். உயிர்காப்பு அங்கியைப் பற்றி, எரிபொருளைப் பற்றி ஒருத்தரும் கேக்கேலாது, கேட்டால் அவநம்பிக்கை. 2022 நவம்பரிலை 303 இலங்கையர் இருந்த கப்பல் ஒண்டு நடுக்கடலிலை பழுதாகி நிண்டதை எல்லாரும் செய்தியிலை பாத்தனாங்கள். சின்னப்பிள்ளையளும் இருந்ததுகள். ஜப்பான் கப்பல் ஒண்டு காப்பாத்தி வியட்நாமிலை இறக்கினது. கொக்குவில் தங்கச்சி விசாவோடை போறா, இது அவவுக்கு இல்லை. ஆனா இதை வாசிக்கிற வேறை ஆரும் குடும்பத்தை அப்பிடி ஏத்த நினைச்சால் எனக்கு அதுதான் கவலை. கடவுள் பேரைச் சொல்லி உங்கடை கேள்வியை நிப்பாட்டுறவனை நம்பாதேங்கோ. உண்மையான பக்தன் கேள்விக்குப் பயப்பிடமாட்டான்.

பாசையூரான்:

சின்னவன்ரை கேள்விக்கு இன்னும் ஆரும் பதில் சொல்லேல்லை. நான் முயற்சி செய்யிறன். நாங்கள் கத்தோலிக்கர்.

"முருகன் பிடிப்பார்" எண்டு சொல்லாதேங்கோ அக்கா. நாங்களும் எங்கடை பிள்ளையளுக்கு "மாதா பிடிப்பா" எண்டு சொல்லுறதில்லை. நவாலி சென் பீற்றர்ஸ் கோயிலிலை 1995 ஜூலை 9ஆந் திகதி என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியும். அண்டைக்குக் கோயிலுக்குள்ளை ஓடிப்போய் ஒதுங்கினவை, கடவுளை நம்பித்தான் ஒதுங்கினவை. குண்டு விழுந்து நூறு பேருக்கு மேலை செத்துப்போச்சினம். அவையின்ரை செபம் குறைஞ்சு போச்செண்டு சொல்ல ஆருக்குத் துணிவு வரும்? இந்த மண்ணிலை வளந்த நாங்கள் பிள்ளையளிட்டை அப்பிடி ஒரு வாக்குக் குடுக்கேலாது. ஒரு நாள் அது பொய்யாப் போனால் பிள்ளை கடவுளையும் விட்டிடும், எங்களையும் நம்பாது.

அதே நவாலிக் கோயிலிலை இண்டைக்கும் சனம் முழங்காலிலை நிக்குது. ஒண்டும் விழாது எண்ட நம்பிக்கையிலையோ நிக்கினம்? இல்லை. விழுந்தாலும் நாங்கள் தனிய இல்லை எண்டுதான்.

என்ரை மகள் இதே மாதிரிக் கேட்டவள், பிளேனைப் பற்றி இல்லை, கப்பலைப் பற்றி. நான் சொன்னது இவ்வளவுதான்: "விழாமல் ஓட்டுறதுக்குப் படிச்ச ஆக்கள் முன்னாலை இருக்கினம். அவை தங்கடை வேலையைச் செய்வினம். அப்பாவும் அம்மாவும் உன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பம். என்ன நடந்தாலும் மாதா எங்கள் எல்லாரோடையும் இருப்பா." அவள் பிறகும் ரெண்டு மூண்டு கேள்வி கேட்டாள். தெரியாததைத் தெரியாது எண்டு சொன்னன். செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னம், படுத்திட்டாள். பயம் முழுக்கப் போனதோ எண்டு கேட்டால், இல்லை. ஆனா அந்தப் பயத்தை அவள் என்னட்டைச் சொல்லலாம் எண்டு தெரிஞ்சுகொண்டாள்.

ஓகஸ்ட்டிலை ஜேர்மனியிலை நிண்டால் கேவலார் எண்ட ஊரிலை இருக்கிற மாதாவிட்டையும் ஒருக்காப் போய் வாங்கோ. தமிழ்ச் சனத்துக்கெண்டு அந்த மாதத்திலை யாத்திரை நடக்கிறது. சைவக்காரரும் வருவினம், எங்கடை மடு மாதா கோயிலிலை மாதிரித்தான்.

சுன்னாகம் சந்தையடி:

பாசையூரான் அண்ணை, நம்பாத என்னாலையும் இந்தப் பதிலை அப்பிடியே ஒரு பிள்ளைக்குச் சொல்லேலும், கடைசி வரியைத் தவிர. அந்த வரியைச் சொல்லுறவைக்கு அது எவ்வளவு பெலன் எண்டும் விளங்குது.

ரொறன்ரோ வந்த மானிப்பாய்:

ஒண்டு விட்டுப்போச்சு. துடக்கு. நீங்கள் அங்கை நிக்கேக்கை ஊரிலை சொந்தத்துக்குள்ளை ஒரு செத்தவீடு வந்தால் என்ன செய்யிறது எண்டு இப்பவே கதைச்சு வையுங்கோ. எங்களுக்கு நடந்தது. முப்பத்தொராம் நாள் கிரியை வரைக்கும் கோயிலுக்குப் போகேலாது எண்டு பெரியம்மா அறைக்குள்ளையே இருந்திட்டா. கோயில் பாக்கவெண்டே வந்தவ. பிள்ளையளும் முகம் செத்துப் போச்சுதுகள்.

வண்ணை ஆசிரியர்:

கோயிலுக்குள் போவதைத்தான் துடக்குத் தடுக்கும். மனதுக்குள் ஐந்தெழுத்தைச் சொல்வதை அது தடுக்காது. இறந்தவருக்காக அங்கிருந்தே குடும்பமாக இருந்து சிவபுராணம் படிக்கலாம். அறைக்குள் அடைந்திருக்கச் சொல்லி எந்த நூலும் சொல்லவில்லை. பூங்காவில் நடக்கலாம், உறவுகளைப் பார்க்கலாம். பெரியவர்கள் முன்கூட்டியே இதை ஏற்றுக்கொண்டால் அந்த நேரத்தில் குடும்பம் பிரிந்து நிற்காது.

கொக்குவில்காரி:

எல்லாருக்கும் நன்றி சொல்ல எனக்கு வார்த்தை காணாது. நேற்று இரவு இந்த இழையை முதலிலையிருந்து மாமிக்கு வாசிச்சுக் காட்டினன். நவாலிப் பகுதி வந்தவுடனை அவ கையைக் காட்டி நிப்பாட்டச் சொன்னவ. அண்டைக்கு அந்தப் பக்கம் அவவின்ரை சிநேகிதி ஒராள் இருந்தவவாம். கனநேரம் கதைச்சம். இவரும் வந்து பக்கத்திலை இருந்தார்.

முடிவு இதுதான். பயணநாளிலை மாமி மச்சம் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிடுவா, ஊசியும் போடுவா. தவறுற விரதத்தைத் திரும்பி வந்து சன்னதியிலை ஒரு நாள் இருந்து முடிக்கிறதா நேர்த்தி வைச்சிருக்கிறா. வருத்தத்தை மறைக்கிறதில்லை எண்டு பேரப்பிள்ளையளுக்கு முன்னாலை சத்தியம் பண்ணினவ, சுன்னாகம் தம்பிக்கு அதைச் சொல்லச் சொன்னவ. வான் பிடிச்சுக் கட்டுநாயக்கா விமானநிலையத்துக்குப் போறம், வழியிலை முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற பொறுப்பு இவருக்கு. அவராத்தான் கேட்டார், நான் சொல்லேல்லை.

சின்னவனுக்குப் பாசையூர் அண்ணை சொன்ன மாதிரிச் சொன்னன், மாதாவுக்குப் பதிலா முருகன். "அப்ப முருகனுக்கும் சீற் இருக்கோ?" எண்டு கேட்டான். இருக்கு, உனக்குப் பக்கத்திலை எண்டு மாமி சொன்னா.

ஹம் அண்ணை, ரெண்டு கேள்வி. மாமி ஓகஸ்ட்டிலை கோயிலுக்குச் சேலையோடை போகக் குளிருமோ? தேங்காய் ஊரிலையிருந்து கொண்டு வரலாமோ?

ஹம்மிலையிருந்து:

ஓகஸ்ட்டிலை பகலிலை குளிராது தங்கச்சி. விடியவும் பின்னேரமும் ஒரு சுவெற்றர் இருந்தால் போதும். கோயிலுக்குள்ளை செருப்பில்லாமல் நிக்கவேணும், வயது போன ஆக்களுக்குத் தரை குளிரும், சுத்தமான காலுறை ஒரு சோடி தனியாக் கொண்டு வாங்கோ. தேங்காய் இஞ்சை கோயிலடியிலையும் தமிழ்க்கடையிலையும் தாராளமா இருக்கு, காவாதேங்கோ. கொப்பறா பெட்டிக்குள்ளை வைச்சிடாதேங்கோ, எண்ணெய்ச்சத்தாலை அதையும் பிளேனிலை ஏத்த விடாயினம். வந்து இறங்கின அடுத்த நாள் நித்திரை கொள்ளுங்கோ, அதுக்கடுத்த நாள் பூசைக்குப் போகலாம். பூசை நேரத்தை மச்சாளிட்டை ஒருக்காக் கேக்கச் சொல்லுங்கோ.